கீழ் லைன் கம்முனு இருந்த காலம்

புவனாவுக்கு வாய் பெரிது என்று யாராவது சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளே ஒத்துக்கொள்வாள். ஏற்காட்டு நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காப்பி எஸ்டேட்டுக்குள் நடந்து வருகிறவர்கள், சில்வர் ஓக் மரங்களைத் தாண்டும் முன்பே, கீழ் லைனில் இன்றைக்கு என்ன தகராறு என்பதைத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். யார் கோழி யார் விறகுக் கட்டுக்குள் முட்டையிட்டது, குழாயடியில் யார் குடத்தை யார் நகர்த்தினார்கள், இரவல் வாங்கிய முறத்தை ஓட்டை போட்டுத் திருப்பித் தந்த மகராசி யார் என்பதெல்லாம் காற்றோடு வந்து சேரும்.

புவனாவுக்குச் சரிசமமாக நின்று பேசக்கூடியவள் பக்கத்து வீட்டுக் கலா ஒருத்திதான். இவள் ஒன்று சொன்னால் அவள் ஒன்றேகால் சொல்லுவாள். பகலெல்லாம் இருவரும் அடுத்தடுத்த வரிசையில் காப்பிப் பழம் பறிப்பார்கள். மத்தியானம் ஒருத்தி கொண்டுவந்த குழம்பை இன்னொருத்தி சோற்றில் ஊற்றிக்கொள்வாள். சாயங்காலம் லைனுக்கு வந்து கைகால் கழுவியதும் ஆரம்பித்துவிடுவார்கள். சண்டை போடாத நாளில் இரண்டு பேருக்கும் சோறு செரிக்காது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

கீழ் லைன் என்பது ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு. ஆனால் அது ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும், கூரையைத் தொடாது. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டாவது வீட்டில் தும்முவார்கள். அங்கே ரகசியம் பேச வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த இரைச்சலுக்குள் பிறந்து வளர்ந்தவள் ஹரிணி, புவனாவின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். அம்மாவும் கலாவும் மோதிக்கொள்ளும்போது வாசற்படியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்பாள். இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியதும் தீர்ப்புச் சொல்லுவாள்.

"அம்மா, நீங்க மொதல்ல சொன்னது நியாயம். ரெண்டாவது சொன்னது தப்புங்க. கோழி முட்ட போட்டது கலாக்கா விறகுலதான், ஆனா கோழி நம்முளுது. முட்ட நமக்கு. கலஞ்ச விறகை அடுக்கிக் குடுக்கோணும்."

"பாத்தியாடி, உன்ற புள்ளயே சொல்லிருச்சு, அடுக்கிக் குடு!" என்று கலா குதிப்பாள். முட்டை கைவிட்டுப் போனது அவளுக்கு அப்புறம்தான் உறைக்கும். "இவ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்று முதன்முதலில் சொன்னவளும் கலாதான். திட்டுவதற்காகச் சொன்னது, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் சேலத்திலிருந்து ஐஸ்வர்யா என்ற இளம் வக்கீல் ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்தாள். நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும் நுழைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதில் தேறினால் பெரிய சட்டக் கல்லூரிகளில் சேர்ந்து படிக்கலாம் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் விடாமல் பின்னாலேயே போனவள் ஹரிணி. அன்றிலிருந்து ஐஸ்வர்யா அவளுக்கு மாதிரி வினாத்தாள்களை அனுப்புவாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். எல்லாம் இங்கிலீஷ். நாலைந்து கேள்விக்கு ஒருமுறை ஒரு பக்கத்துக்குப் படிக்க வேண்டியிருக்கும். தப்பாகப் போட்டால் எடுத்த மார்க்கிலிருந்தும் கழித்துக்கொள்வார்கள். ஹரிணி இருட்டோடு எழுந்து வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால், பள்ளிக்கூட பஸ் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். மார்க்கும் மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஆயுத பூஜை சமயத்தில் ஐஸ்வர்யா போனில் ஒரு வார்த்தை சொன்னாள்: "இனிமே வாரம் ரெண்டு பேப்பராவது, சத்தமில்லாத எடத்துல உக்காந்து, நிஜப் பரீட்சை மாதிரியே எழுதிப் பாரு." ஹரிணி அதை அம்மாவிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். புவனாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் லைன் வாசலில் நின்று எட்டு வீட்டையும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. கார்த்திகையில நம்ம ஹரிணிக்குப் பெரிய பரீட்சை. அது முடியற வரைக்கும் சத்தம் ஆகாதுன்னு சேலத்து வக்கீலம்மா சொல்லிப்போட்டாங்க. நானும் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க."

"நீ வாயத் தொறக்க மாட்டியா?" என்று கலா மூக்கில் விரலை வைத்தாள். "அப்ப நான் ஆருகிட்டப் பேசறது?"

ஆனால் கலாதான் எல்லோருக்கும் முந்திக்கொண்டாள். டிவியின் வாயை அடைத்துப் படத்தை மட்டும் பார்த்தாள். விசில் அடிக்கிறது என்று குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பருப்பை மண்சட்டியில் வேகவைத்தாள். கடைசி வீட்டுச் சென்னம்மாள் இருமல் வந்தால் எழுந்து காப்பிக் காட்டுப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தாள். மொபெட் வைத்திருந்தவர்கள் அதை மேட்டு ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே போய்ப் பட்டாசு வெடித்துவிட்டு, வெடித்த கையோடு கம்மென்று வந்து படுத்தார்கள். இத்தனை பாசத்தையும் பார்த்துப் புவனாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படி ஒரு லைன் ஏற்காட்டு மலையில் வேறெங்காவது உண்டா என்று பெருமைப்பட்டாள்.

ஒருநாள் ரைட்டர் பென்னி, ஆள் கணக்கு எடுக்க லைனுக்கு வந்தவர், வளைவிலேயே நின்றுவிட்டார். லைன் மொத்தமும் அப்படி மூச்சுவிடாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் காட்டெருமை நிற்கிறது. அவர் மரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, "எங்க நிக்குது?" என்று கையால் கேட்டார்.

புவனா பக்கத்தில் போய்க் காதோடு சொன்னாள். "எருமை இல்லீங்க ரைட்டரே, புள்ள படிக்குதுங்க."

"அட ஏம்மா! உசுரே போயிருச்சு" என்றார் பென்னி. அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

இவ்வளவு செய்தும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த மார்க் இறங்க ஆரம்பித்தது. தீபாவளிக்கு முன்பு எடுத்ததைத் தீபாவளிக்குப் பிறகு எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் அதுவும் இல்லை. ஹரிணி பேப்பரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், பக்கம் திரும்பாது. சோறு பாதி தட்டில் கிடக்கும். ராகிக் களியும் கீரைக் கடைசலும் என்றால் உயிரை விடுகிறவள், அதையும் ஒதுக்கி வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிற்று. கண் பட்டுவிட்டது என்று புவனா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

கார்த்திகை பிறந்து, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். புவனா அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ஹரிணி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, நான் எழுதலீங்க."

"என்ன கண்ணு எழுதல?"

"அந்தப் பரீட்சைய. இந்த வருசம் வேண்டாம். லீவு நாள்ல உங்ககூடப் பழம் பறிக்க வர்றேன். பன்னெண்டாவது முடிச்சுப்போட்டு இங்கயே ஏதாவது காலேஜுக்குப் போயிக்கறேன்."

புவனாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை கோபம் ஏறியது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்தில் ஓடு பெயர்ந்திருக்கும். ஆனால் விரதம் ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவும் மகளும் குசுகுசுவென்றே சண்டை போட்டார்கள்.

"விளையாட்டாடி உனக்கு? எத்தன பேரு உனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்கறாங்க?"

"அதான் வேண்டாங்கறேன்."

"பயமா இருக்குதா?"

"இல்லீங்க."

"பொறவு என்ன?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்கம்மா."

"எனக்குப் புரியாததா? உன்னப் பெத்தவ நானு!"

ஹரிணி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்று காப்பிப் பழத்தோலை உரிக்கும் பல்பர் மெஷினில் வேலை முடிந்து, அந்த வாசத்தோடு வந்த புவனாவின் புருஷன் சத்யராஜ், இருவரையும் பார்த்தான். இயல்பாகவே அதிகம் பேசாதவன். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. நம்ம ஊட்லயே ரெண்டு ஊமை ஆயிப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

குசுகுசுவென்று பேசியதுதான் வம்பாயிற்று. லைனே நிசப்தமாகக் கிடக்கும்போது ரகசியப் பேச்சைப் போலத் தெளிவாகக் கேட்பது எதுவும் இல்லை. மறுநாள் காலையில் காப்பிக் காட்டில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கும்போது கலா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூடுபனியில் கிளைகள் நனைந்து கிடந்தன. தொட்டால் சட்டைக் கைக்குள் தண்ணீர் ஓடியது. இருவரும் செடிக்குச் செடி நகர்ந்தார்கள். மத்தியானம் கலா குழம்பைத் தனியாக ஊற்றிச் சாப்பிட்டாள். அது புவனாவுக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் லைனுக்கு வந்து, புவனா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். குக்கர் விசில்.

புவனாவுக்குக் கை அப்படியே நின்றது. இன்னொரு விசில் வந்தது.

"ஏ கலா! என்னடி அது?"

"குக்கரு! பருப்பு வேவுது!"

"புள்ள படிக்குதுன்னு தெரியாதா உனக்கு?"

"எந்தப் புள்ள? எழுதமாட்டேன்னு நேத்துச் சொல்லுச்சே, அந்தப் புள்ளயா? எழுதாத பரீட்சைக்கு எதுக்குடி என்ற ஊட்டு குக்கரைப் பரண்ல ஏத்தச் சொன்னே? ரெண்டு மாசமா சட்டியில பருப்பு வேவாம, எம்புருசன் கல்லு மாதிரி தின்னுக்கிட்டு இருக்காரு!"

"உம்புருசனுக்குப் பருப்பு வேவலீன்னா அதுக்கு எம்மவ என்னடி பண்ணுவா? அடுப்பெரிக்கத் துப்பில்லாதவளே!"

"ஆருக்குடி துப்பில்ல? முறத்த ஓட்ட போட்டுக் குடுத்தவளுக்கா எனக்கா?"

அவ்வளவுதான், மடை திறந்தது. புவனா வாசலுக்கு வந்தாள், கலாவும் வந்தாள். இரண்டு மாதத்துப் பாக்கி அத்தனையும் வெளியே வந்தது. முறம், கோழி, குழாயடி, ஐப்பசியில் சொல்லாமல் விட்ட சொல், புரட்டாசியில் மென்று விழுங்கிய சொல். நடுவில் புகுந்து சமாதானம் செய்ய வந்த சென்னம்மாள் இருமலோடு தன் பங்குக்கு ஒரு பழைய குறையை எடுத்துப் போட்டாள். யாரோ டிவியைச் சத்தமாக வைத்தார்கள். பிள்ளைகள் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டு ஓடினார்கள். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் உடம்பு லேசானது. மேட்டு ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்த சத்யராஜ் அங்கேயே நின்று கேட்டுச் சிரித்தான்.

"எழுதாததுக்கு ஒரு காரணம் இருக்கும்டி!" என்று கத்தும்போதுதான் புவனாவுக்கு மகள் ஞாபகம் வந்தது. நானே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஹரிணி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை, பலகையில் பேப்பர். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தைப் படித்தாள், பென்சிலால் சட்சட்டென்று நாலு இடத்தில் குறி போட்டாள், திருப்பினாள். சின்ன வயதில் வாசற்படியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன அதே முகம். புவனா கதவோரம் நின்று பார்த்தாள். பின்னாலேயே வந்த கலாவும், திட்டத் திறந்த வாயை மூடாமல், எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா நிறுத்திப்போட்டீங்க?" என்றாள் ஹரிணி தலையை நிமிர்த்தாமல். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது."

முடித்துவிட்டு, சரியான விடைகளோடு ஒத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே புவனாவுக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை எடுத்ததிலேயே அதுதான் அதிகம்.

"எழுத மாட்டேன்னு சொன்னியே சாமி?"

"விசில் கேட்டுச்சுங்களா, அப்படியே மனசு நிம்மதியாப் போச்சு. கை தானா பேப்பரை எடுத்துருச்சுங்கம்மா." ஹரிணி சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு ஊடும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கறப்ப, எனக்குப் படிப்பே ஏறலீங்க. ஒரு கேள்வி தப்பாப் போச்சுன்னா, சென்னம்மாளத்த மழையில போயி இருமிட்டு வர்றது ஞாபகம் வருது. கலாக்கா பருப்பு வேவாதது ஞாபகம் வருது. இத்தன பேருக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்னு அதுதான் மனசுல ஓடுது. கேள்வி ஓட மாட்டேங்குது."

"அட என்ற கண்ணே" என்றாள் கலா. குக்கர் பற்றிப் பேசியதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. "அதுக்கென்னடி, வெந்த பருப்பு என்ன, வேவாத பருப்பு என்ன."

புவனாவுக்கு ஒரு சந்தேகம். "அப்ப பரீட்சை எழுதற எடத்துல? அங்கயும் எல்லாரும் கம்முனுதான இருப்பாங்க?"

"அங்க ஆரும் எனக்காக வாய மூட மாட்டாங்கம்மா. அவங்கவங்களுக்காக மூடியிருப்பாங்க. அது எனக்கு ஒண்ணும் பண்ணாது."

புவனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாசத்தைக் கொட்டுகிறேன் என்று பிள்ளையின் கழுத்தில் கல்லைக் கட்டியிருக்கிறோமே என்று அழுகை வந்தது, அழுதாள். அழுகையும் சத்தமாகத்தான் வந்தது. யாரும் அடக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் காப்பிக் காட்டில் கலாவிடம் ஒரு யோசனை சொன்னாள். "தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நாம சண்ட போடறது. புள்ள அதக் கேட்டுக்கிட்டுப் பேப்பர் எழுதிரும்."

"சும்மா எப்படிடி சண்ட போடறது? காரணம் வேண்டாமா?"

"முறம் இருக்குதில்ல?"

அன்று சாயங்காலம் வாசலில் நின்று முயன்றும் பார்த்தார்கள். புவனா "ஓட்ட முறத்துக்காரி" என்று ஆரம்பித்தாள். கலா பதில் சொல்ல வாயைத் திறந்து, சிரித்துவிட்டாள். புவனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஹரிணி, "ரெண்டு பேரும் பொய்ச் சாட்சி சொல்றாப்ல இருக்குதுங்க, போயி வேலையப் பாருங்க" என்றாள். அப்புறம் யாரும் எதையும் முயலவில்லை. குக்கர் விசில் அடித்தது, மொபெட் வாசலிலேயே கிளம்பியது, சென்னம்மாள் படுத்த இடத்திலிருந்தே இருமினாள். நிஜக் காரணம் கிடைத்த நாளில் நிஜச் சண்டை நடந்தது. களியும் கீரைக் கடைசலும் தட்டில் மிஞ்சவில்லை. மார்க் மறுபடி ஏறிற்று; ஐஸ்வர்யா போனில் "என்ன பண்ணினே?" என்று கேட்டதற்கு, "எங்க லைன்ல சத்தம் வந்துருச்சுங்க மேடம்" என்றாள் ஹரிணி. ஐஸ்வர்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

பரீட்சை சேலத்தில் ஒரு காலேஜில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புவனா அன்று பழம் பறிக்கப் போகாமல் புளிச்சோறு கட்டிக்கொண்டு கூடவே போனாள். மலை இறங்க இறங்க ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. கேட்டுக்கு வெளியே காரும் ஸ்கூட்டருமாக அப்பா அம்மாக்கள் கூட்டம். உள்ளே போகும்போது ஹரிணி திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். பயந்த முகம் இல்லை. ஆனால் கேட் சாத்தியதும் புவனாதான் கம்பி வழியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

வேப்பமர நிழலில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தாள். பட்டணத்துப் பேச்சு. "எங்க பையனுக்கு மாடி முழுக்க விட்டுட்டோம். ஏசி போட்டு, கதவைச் சாத்திட்டா ஒரு ஈ எறும்பு சத்தம்கூடக் கேக்காது. உங்க பொண்ணுக்கு வீட்ல தனி ரூம் இருக்கா?"

"தனி ரூம் ஏதுங்க?" என்றாள் புவனா. "எங்க புள்ள எட்டு ஊட்டுக்கு நடுவுல உக்காந்து படிச்சுதுங்க."

அந்த அம்மா ஐயோ பாவம் என்று பார்த்தாள். புவனா கவலைப்படவில்லை, அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

கேட் திறந்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். சிலர் அழுதபடி, சிலர் போனைப் பார்த்தபடி. ஹரிணி பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "நெறைய விட்டுட்டனுங்கம்மா, தெரியாததத் தொடல. தெரிஞ்சதெல்லாம் போட்டுட்டேன். கெடைக்கும்."

"நெசமாவா?"

"கெடைக்குங்கம்மா."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் குளிர் வந்தது. ஹரிணி எந்தெந்த ஊரில் அந்தக் கல்லூரிகள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வந்தாள். திருச்சியில் ஒன்று, ஐதராபாத்தில் ஒன்று, பெங்களூரில் ஒன்று. புவனாவுக்கு அப்போதுதான், இத்தனை மாதத்தில் முதல்முறையாக, ஒன்று மனதில் பட்டது. பிள்ளை தேறினால் வீட்டில் இருக்க மாட்டாள். கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. இது இத்தனை நாளாகத் தோன்றவே இல்லையே என்று தன்மேலேயே ஆச்சரியப்பட்டாள்.

"இதுல எது பெருசு?" என்று கேட்டாள்.

"பெங்களூருதான் மொத எடம்னு சொல்லுவாங்க. ஆனா தூரங்கம்மா. திருச்சின்னா பக்கம். கெடைச்சா எதக் கேக்கறதுன்னு தெரியல."

"பெருசையே கேளு. பக்கத்துல இருக்கறதுக்கா இத்தன பாடுபட்டே?"

ஹரிணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அங்க ஹாஸ்டலுங்க. ஒரு ரூமுக்கு ஒருத்தரு, ரெண்டு பேரு. சுவரெல்லாம் கூரை வரைக்கும் இருக்கும். ஆரையும் தெரியாது."

புவனா கவளத்தை மகள் வாயில் ஊட்டினாள். கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை.

"போன மொத நாளே பக்கத்து ரூமுக்காரி கதவத் தட்டிப் பேசிப்போடு கண்ணு. சிரிச்சுப் பேசினாலும் சரி, சண்ட போட்டாலும் சரி. கம்முனு மட்டும் இருந்துராத."